குளிப்பாட்டியும் வெளுக்காதவள்

கனடாவிலிருந்து வந்த சித்தி வான் வண்டியை விட்டு இறங்கியதும் என்னைக் கட்டிக்கொண்டார். பிறகு என் நாடியைப் பிடித்து நிமிர்த்தி முகத்தை வெயில் பக்கம் திருப்பினார்.

"அக்கா, இவள் என்ன இப்பிடிக் கறுத்துப்போனாள்?"

நான் கறுத்துப்போகவில்லை, பிறந்ததே அப்படித்தான். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் சித்தி பெட்டியைத் திறந்து ஒரு சின்னக் கிறீம் குப்பியை என் கையில் வைத்துவிட்டார்.

எனக்கு அப்போது எட்டு வயது. புங்குடுதீவில் எங்கள் ஒழுங்கையில் ஆள் இருந்த வீடுகள் கொஞ்சம்தான். ஆனாலும் என்னைக் கறுப்பி என்று கூப்பிட அந்தச் சனம் போதுமாயிருந்தது. அம்மாவுக்குச் செல்லம் வந்தாலும் அதே பெயர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கோபம் வந்தாலும் அதே பெயர். சித்தியோ எங்கள் வீட்டில் யாருக்கும் வாய்க்காத வெள்ளை.

காலையும் மாலையும் சித்தியே அந்தக் கிறீமை என் முகத்தில் பூசிவிட்டார். மிளகாய் அரைத்த கையால் தொட்டதுபோல எரிந்தது.

"எரியுது சித்தி."

"எரிஞ்சாத்தான் பிள்ளை வெளுக்கும். பொறு."

கண்ணாடியில் பார்த்தேன். வெளுப்பைக் காணவில்லை, கன்னம்தான் சிவந்து தடித்திருந்தது. இன்னும் பொறுக்கவேண்டும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் சித்தியின் உபயமாக அபிஷேகம். நான் அதுவரை பின்னேரப் பூசைக்குத்தான் போயிருக்கிறேன். பெரியவர்களின் இடுக்கால் எட்டிப் பார்த்தால் சந்தனக்காப்புச் சாத்திய பொன்னிற முகமும் பட்டும் பூவும் தெரியும். அம்மன் நல்ல வெள்ளை என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அன்று உபயகாரர் என்று எங்களை முன்னுக்கு விட்டார்கள்.

ஐயர் பழைய சந்தனத்தைக் களைந்து குடத்துத் தண்ணீரை ஊற்றினார். நெற்றி தெரிந்தது, பிறகு கன்னம். உள்ளே இருந்தது கறுப்பு. என்னைவிடக் கறுப்பு. பாலை ஊற்றினார். பால் வழிந்து போனபின் அம்மன் முன்னரைவிட மினுங்கிக்கொண்டு கறுப்பாகவே நின்றாள். இத்தனை நாளும் எல்லாரும் சேர்ந்து இதை என்னிடம் மறைத்துவிட்டார்கள் என்று தோன்றியது.

"சித்தி, அம்மன் கறுப்பி!"

மேளம் ஓய்ந்திருந்த நேரம். கோயில் முழுக்கக் கேட்டது. அம்மா என் வாயைப் பொத்தினார். பின்னால் யாரோ "சிவ சிவா" என்றார்கள். ஐயர் குடத்தோடு திரும்பினார். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"ஓம் பிள்ளை, கறுப்பிதான்," என்றார் ஐயர். "நானும் எத்தினை வருசமாப் பாலாலையும் தயிராலையும் குளிப்பாட்டுறன், வெளுக்கேல்லை. அவவுக்கு அதிலை ஒரு குறையுமில்லை. உனக்குள்ளை இருக்கிறதும் அவதான், பயப்பிடாதை."

சனம் சிரித்தது. சித்தி சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சித்தி என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், நோகாமல் என் முகத்தைக் கழுவிவிட்டார். பிறகு தன் முகத்துக்கும் சவர்க்காரம் போட்டார். அவர் துவாயால் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது நான் பயந்து பின்வாங்கினேன். பவுடருக்குக் கீழே இருந்தது வேறு முகம். கன்னம் இரண்டிலும் தீய்ந்ததுபோலத் திட்டுத் திட்டாகக் கறுப்பு, நடுவே சாம்பல் பூத்த வெள்ளை. காதுக்குப் பின்னால் மட்டும் என்னுடைய நிறம்.

"ஆர் சித்தி இப்பிடிச் செய்தது?"

"நான்தான். உன்ரை வயசிலை என்னையும் கறுப்பி எண்டுதான் கூப்பிட்டவை."

துவாயால் என் முகத்தையும் ஒற்றிவிட்டார். பிறகு, "இனி உன்னை ஆரும் அப்பிடிக் கூப்பிட்டால் என்ன செய்வாய்?" என்று கேட்டார்.

"திரும்பிப் பாப்பன். என்னைக் கூப்பிடினமோ, அம்மனைக் கூப்பிடினமோ எண்டு."

சித்தி சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு பாதியில் அழுகையாக, கிணற்றுக்கட்டிலேயே குந்திவிட்டார். நான் பகிடி விட்டதாக நினைத்துவிட்டார் போலும். எனக்கோ உண்மையாகவே அந்தச் சந்தேகம் இருந்தது. அதற்குப்போய் ஒரு பெரிய ஆள் ஏன் அப்படி அழவேண்டும் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.