தேசப்பன் ஒரு ரவுண்டு போய்விட்டு வருவார்

வாயில் ரீடை ஒதுக்கிக்கொண்டு, கையிலிருக்கும் டீ ஆறுவதைப் பார்த்தபடி நிற்கிறார் தேசப்பன். சீவிய மூங்கில் துண்டு போலிருக்கும் அந்த ரீடு எச்சிலில் ஊறினால்தான் சாக்ஸபோன் பேசும். கும்மிடிப்பூண்டி டீக்கடையில் யார் வணக்கம் சொன்னாலும் அதுவரை புருவம் மட்டும்தான் ஏறி இறங்கும். ஊறியதும் வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பார். "இப்ப சொல்லு நைனா, இன்னா விசயம்?"

ரோலிங் மில்லில் ஷிஃப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர். மில்லில் இருந்த காலத்திலேயே 'நியூ மெலடி பேண்ட் செட்'டுக்கு அவர்தான் தலைவர். இளவயதில், பெரம்பூரில் ஓர் ஆங்கிலோ இந்திய ரயில்வே கார்டு வீட்டு ஜன்னலோரம் நின்று ஜாஸ் இசைத்தட்டுகளைக் கேட்டிருக்கிறார். அன்று பிடித்த கிறுக்கு. கல்யாண ஊர்வலத்தில் சினிமாப் பாட்டுதான் வாசிப்பார். ஆனால் இரண்டாவது சரணத்தில் காணாமல் போய்விடுவார். மெட்டை விட்டு இறங்கி, எங்கெங்கோ வளைந்து, முகூர்த்த நேரம் நெருங்கும்போது பல்லவிக்குத் திரும்புவார்.

"பாட்டு எங்க போவப் போவுது? அங்கயேதான் கீது. நா ஒரு ரவுண்டு போய்ட்டு வரேன்" என்பார்.

டிரம்ஸ் அடிக்கும் பென்னிக்கு அப்போதெல்லாம் வேர்க்கும். "இந்த ஆளு திரும்பி வருவாரா மாட்டாரான்னு ஏசுவக் கூப்ட்டுக்கினே அடிப்பேன்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

போன வருஷம் தேசப்பனின் மேல்வரிசைப் பற்கள் ஆடத் தொடங்கின. டாக்டர் பிடுங்கிவிட்டுப் பல்செட் மாட்டினார். சாக்ஸபோனின் வாயைக் கவ்வி நிறுத்துவதே மேல்பல்தான். பல்செட்டோடு ஊதினால், குக்கர் மாதிரி உஸ்ஸென்று காற்றுதான் வந்தது. வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். ஊர்வலங்களில் வேறொருவர் ஊத, இவர் கையை மட்டும் ஆட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். வீட்டில் அவர் மனைவி ஆரோக்கியமேரிக்குத்தான் தாங்கவில்லை. "சத்தமில்லாம ஊடு பேஜாரா கீதுய்யா. எதனா ஊதித் தொலையேன்" என்று சண்டை பிடித்தார். தேசப்பன் சிரித்தாரே தவிர, பெட்டியைத் திறக்கவில்லை.

செவ்வாப்பேட்டையில் பென்னியின் மகள் ஏஞ்சலுக்குக் கல்யாணம். மாலையில் சர்ச்சிலிருந்து மண்டபத்துக்கு ஊர்வலம். நானும் போயிருந்தேன். ஊத வேண்டியவர் வந்த ரயில் ஆவடியிலேயே நின்றுவிட்டது. ஆரோக்கியமேரி, தான் கையோடு கொண்டுவந்திருந்த சாக்ஸபோன் பெட்டியை ஆட்டோவிலிருந்து இறக்கினார்.

"ஊதுங்க பெரிப்பா. நீங்க ஊதாம நா மண்டபத்துக்கு வரமாட்டேன்" என்றாள் வெள்ளைக் கவுனில் நின்ற ஏஞ்சல்.

ஊதினார். முதல் மேல்ஸ்தாயிக்கே பல்செட் நழுவி உதட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தது. கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. அவர் அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். மேலுதட்டை வெறும் ஈறின்மேல் மடித்துக்கொண்டு மறுபடி ஊதினார்.

பழைய கூர்மை இல்லை. கனிந்து, கொஞ்சம் கரகரத்து, தொண்டையிலிருந்தே வருவது போன்ற குரல். அவரே ஒரு கணம் நிறுத்தி வாத்தியத்தைப் பார்த்தார். பிறகு பாட்டை விட்டு இறங்கினார். எவ்வளவு தூரம் போனாரோ, மண்டப வாசலில் ஊர்வலம் அப்படியே நின்றது. மாப்பிள்ளை ஆடினான். சமையல்காரர்கள் கரண்டியோடு வந்து ஆடினார்கள். தூறல் விழுந்தும் யாரும் நகரவில்லை. கடைசியில் அவர் பல்லவிக்குள் நுழைந்தபோது, பென்னி சிம்பலில் ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். ஆரோக்கியமேரி இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார்.

"பல்லு துன்றதுக்குதாண்டா பென்னி. ஊதறதுக்கு ஒதடு போதும்!" என்று பொக்கை வாயால் கத்தினார் தேசப்பன்.

மாப்பிள்ளையின் அப்பா ஓடிவந்து அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். தூறல் வலுத்துக்கொண்டிருந்தது. தேசப்பன் பொன்னாடையைத் தோளிலிருந்து உருவி, அதில் சாக்ஸபோனை மேலிருந்து கீழ்வரை சுற்றி, குளித்துவிட்டு வந்த குழந்தையைப்போல் மார்போடு அணைத்துக்கொண்டு, தான் நனைந்தபடியே நின்றார்.