மஸாஹிரா டீச்சரின் சைக்கிள்

என் மனைவி மஸாஹிரா கணிதம் படிப்பிக்கிறவள். ஒரு விடை பிழைத்தால் பிள்ளைகளை விடமாட்டாள். என்னை மட்டும் இவ்வளவு காலமும் விட்டுவைத்திருக்கிறாள்.

பெற்றோலுக்கு வரிசையில் கிடந்த அந்த வருடம் கொழும்பே சைக்கிள் வாங்கியது. வங்கி மனேஜரும் மிதித்தார், நானும் மிதித்தேன். பெற்றோல் வந்ததும் எல்லோருடைய சைக்கிளும் கராஜ் மூலைக்குப் போனது, அவளுடையதைத் தவிர. அபாயாவின் விளிம்பைக் கிளிப் போட்டுக்கொண்டு, வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டிப் பள்ளிக்கூடத்துக்குக் காலி வீதி என்கிற அந்தப் பெருந்தெருவிலேயே போனாள். கார் இல்லாவிட்டால் அந்த வீதி எப்படி இருக்கும் என்று சாப்பாட்டு மேசையில் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டுவாள். ஒரு கார் நிற்கிற இடத்தில் பத்துச் சைக்கிளாம். ஹோர்ன் இல்லாவிட்டால் பள்ளிவாசல் பாங்கு கடற்கரை வரைக்கும் கேட்குமாம். ஆட்கள் என்ன கதைப்பார்கள் என்பதுதான் எப்போதும் என் பதில்.

போன மாதம் எங்கள் மகள் நிம்றாவுக்குச் சம்பந்தம் ஒன்று வந்தது. மாப்பிள்ளையின் வாப்பா தாஸிம் ஹாஜியார், புறக்கோட்டையில் பெரிய வியாபாரி. வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு முதல்முறை வீட்டுக்கு வருவதாக இருந்தார். புதன்கிழமை பள்ளிவாசலில் அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்தபோது எனக்கு இழுப்புத் தொடங்கியது. மூச்சுக்கு அடிக்கிற பம்பை வீட்டில் மறந்துவிட்டேன். மஸாஹிராவுக்குப் போன் எடுத்தேன். த்ரீவீல் பிடித்து வருவாள் என்று நினைத்தேன். அதற்குள் ஹாஜியார் வந்து கதை கொடுத்தார்.

ஐந்து நிமிடத்தில் அவள் வந்தாள், சைக்கிளில், வியர்த்து வழிய.

ஹாஜியார் முகம் சுளித்தார். "யாரு அந்தப் பொம்பள? இந்த வயசில ரோட்டில சைக்கிள் ஓடுது."

"தெரியா, ஹாஜியார்."

வாய் தவறிவிட்டது என்று தப்ப முடியாது. யோசித்துத்தான் சொன்னேன். வெள்ளிக்கிழமை இதே முகம் அவருக்குத் தேத்தண்ணீர் கொண்டுவரும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. அப்படியொரு மடையன் நான்.

அவளுக்குக் கேட்டுவிட்டது. இறங்கி, என்னைப் பார்க்காமல், ஹாஜியாருக்கு ஸலாம் சொன்னாள்.

"இங்க ஸமீம் நானாண்டு ஒருத்தர் ஈக்கிறாராம். மூச்சு எடுக்க ஏலாதாம். இத அவருக்குக் குடுக்கணும்."

ஹாஜியார் என்னைக் கைகாட்டினார். அவள் பம்பை நீட்டினாள். இவள் என் வீட்டுக்காரி என்று சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. இழுப்பு என் வாயை அடைக்கவில்லை.

"ஜஸாகல்லாஹ் ஹைர், சிஸ்டர்" என்று நன்றி சொன்னேன், எனக்கு மூன்று பிள்ளை பெற்றுத் தந்தவளிடம்.