அத்தானின் அட்டையும் அக்காவின் மன்றாட்டும்

அத்தான் அந்த அட்டையை எங்களுக்கு முதன்முதலில் காட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஹவுன்ஸ்லோ வீட்டுச் சமையலறையில். தமிழ்ப் பூசை முடிந்து வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றாமல், பேர்சிலிருந்து அதை எடுத்துச் சட்டை விளிம்பில் ஒருமுறை துடைத்து, சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். அவருடைய படம், பெயர், ஒரு பச்சை இலை, கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி. "இனிப் பொலிஸ் என்னிலை கை வைக்கேலாது, மச்சான்," என்றார். அப்பளம் பொரித்துக்கொண்டிருந்த அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. நான் அட்டையைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் பார்த்தேன். அரசாங்க முத்திரை எங்கேயும் இல்லை. அப்போதே எனக்கு அதன்மேல் நம்பிக்கை போய்விட்டது.

நான் எதையும் லேசில் நம்புகிறவன் இல்லை. ஒரு காப்புறுதி நிறுவனத்தில் நட்டஈடு கேட்டு வருகிறவர்களின் கதைகளைச் சரிபார்ப்பது என் வேலை. நாரி எலும்பு முறிந்துவிட்டது என்று எழுதி அனுப்பியவன் போன கிழமை கலியாண வீட்டில் ஆடிய படத்தைத் தேடிப் பிடிப்பேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். அக்கா வீட்டு மேலறையில் குடியிருந்த அந்த வருடங்களில் பால்காரனையும் தபால்காரனையும்கூட ஒரு கண் பார்த்துத்தான் உள்ளே விடுவேன். அத்தான் எனக்கு நேரெதிர். வெளுத்ததெல்லாம் பால் அவருக்கு. விமான நிலையத்தில் பொதி ஏற்றுகிற பட்டி ஒன்றுக்குள் கால் அகப்பட்டு விழுந்ததில் முதுகு நரம்பு நசுங்கி, அதன்பிறகு தொலைந்த பொதிகளைத் தேடிக் கொடுக்கும் மேசைக்கு அவரை மாற்றியபோதுகூட, "நல்ல மனுசர், கதிரை தந்திருக்கினம்," என்றுதான் சொன்னார். ஆனால் இடது கால் இரவிரவாக எரிந்தது. குடும்ப டொக்டர் தந்த முதல் குளிசையில் பூசையில் நற்செய்தி வாசிக்கப்படும்போதே நித்திரையாகிப் போனார். இரண்டாவது குளிசை சாப்பாட்டை வயிற்றில் நிற்கவிடவில்லை.

அப்போதுதான் அமெரிக்காவில் இருக்கும் அவருடைய தம்பி போனில் கஞ்சா மருந்தைப் பற்றிச் சொன்னார். அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒவ்வொரு சட்டமாம். அவர் இருக்கும் மாநிலத்தில் டொக்டரிடம் காட்டினால் அரசாங்கமே அட்டை தருமாம்; அதை நீட்டினால் கடையில் மருந்து தருவார்களாம்; பக்கத்து மாநிலத்தில் அதே அட்டை செல்லாமலும் போகலாமாம். அத்தான் கடைசி வசனத்தைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அட்டை என்ற ஒரு சொல் மட்டும் அவர் மனதில் ஒட்டிக்கொண்டது.

நான் இந்த நாட்டுச் சட்டத்தைத் தேடி வாசித்தேன், பிழை கண்டுபிடிப்பதற்காகவே வாசித்தேன். இங்கே குடும்ப டொக்டர் அதைத் தானாக எழுதித் தொடங்க முடியாது, விசேட வைத்தியர்தான் எழுத வேண்டும். மற்ற மருந்துகள் பலன் தரவில்லை என்று பார்த்த பிறகுதான் அதற்குப் போவார்கள். எழுதித் தந்தாலும் சுருட்டிப் புகைக்கக் கூடாது. சிறிய மின்கருவியில் சூடாக்கி ஆவியை இழுக்க வேண்டும். மருந்தகம் தந்த போத்தலிலேயே, பெயர் ஒட்டிய லேபலோடு வைத்திருக்க வேண்டும். அந்த விசேட டொக்டர் கணினித் திரையில்தான் வந்தார். அத்தான் அவருக்காகக் கழுத்துப்பட்டி கட்டி, திரு இருதயப் படம் கமராவில் விழாதபடி கதிரையைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். நான் பக்கத்தில் இருந்து டொக்டரின் முழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் பழைய குளிசைகள், நித்திரை, மனநிலை, குடும்பத்தில் யாருக்காவது புத்தி தடுமாறியதா என்று எல்லாம் கேட்டார். ஸ்கான் அறிக்கைகளை வரவழைத்துப் பார்த்த பிறகே எழுதினார். அவரில் எனக்கு ஒரு குறையும் அகப்படவில்லை. அது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

மருந்து வந்தது. ஒரு மாதத்தில் அத்தான் விடியும்வரை நித்திரை கொண்டார். படியில் கைபிடிக்காமல் இறங்கினார். மருந்தில் எனக்கு வழக்கு இல்லை. அட்டையில்தான் வழக்கு. கஞ்சா மருந்து எடுப்பவர் என்று போட்டு, காசுக்கு அதை அனுப்பியது ஏதோ ஒரு தனியார் கொம்பனி. "அத்தான், இது சட்டமில்லை. டொக்டற்றை எழுத்தும் போத்தலிலை இருக்கிற லேபலும்தான் சட்டம். இது கிளப் காட் மாதிரி," என்று சொல்லிப் பார்த்தேன். அவர் சிரித்தார். "நீ காட் இல்லாமல் சென்றி தாண்டிப் பாத்தனியே?" என்று கேட்டார். மன்னாரில் அவர் வளர்ந்த போர்க்காலத்தில், ஆமி மறிக்கும் சென்றிகளில் சட்டைப்பையில் அடையாள அட்டை இருந்தவன் வீட்டுக்குப் போனான். அது இல்லாதவனைத் தேடித் தாய்மார் முகாம் வாசலில் நின்றார்கள். அப்படி வளர்ந்த மனிதருக்கு, படம் போட்ட ஒரு பிளாஸ்டிக் துண்டு சட்டமில்லை என்று நான் எப்படி விளங்கப்படுத்துவது?

லேபல் கதை வேறு. எங்கள் வீட்டுக்குச் செபக்குழுப் பெண்கள் வந்தால் விருந்தாளிபோல் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். கோப்பை கழுவ எழும்பி, சீனி எங்கே என்று எல்லா அலுமாரியையும் திறப்பார்கள். அந்த லேபலில் அத்தானின் பெயரும் கஞ்சா என்ற சொல்லும் ஒன்றாக இருந்தன. அக்காவுக்கு அது நெஞ்சில் முள். தேவாலயப் பங்கில் எல்லாரிடமும் அத்தானுக்குச் சீனி வருத்தம், அதற்குத்தான் மருந்து என்று சொல்லி வைத்திருந்தாள். ஒருநாள் போத்தலைச் சுடுதண்ணீரில் போட்டு லேபலை உரித்தாள். அப்படியும் மனம் ஆறாமல், மருந்தை ஒரு பழைய இனிப்புத் தகரப் பேணிக்குள் கொட்டிப் போத்தலையும் எறிந்துவிட்டாள். எங்கள் வீட்டில் ஐஸ்கிறீம் பெட்டிக்குள் மீன் இருக்கும், கோப்பிப் போத்தலுக்குள் மிளகாய்த்தூள் இருக்கும், ஆகவே இது அவளுக்குப் பெரிய காரியமாகத் தெரியவில்லை. நான் கத்தினேன். "காட் இருக்குத்தானே," என்றார் அத்தான்.

ஒக்டோபர் வந்தது. செபமாலை மாதத்தில் எங்கள் பங்கில் மாதா சுரூபம், ஒரு முழ உயரச் சிலை, வீடு வீடாகப் போகும்; ஒரு வீட்டில் சில நாள் தங்கி, அடுத்த வீட்டுக்குக் காரில் புறப்படும். முன்னால் மாதாவின் கார், பின்னால் மற்ற எல்லாரும். அந்த முறை எங்கள் வீட்டிலிருந்து சவுத்தாலில் செபக்குழுத் தலைவர் வீட்டுக்குப் போக வேண்டும். மருந்து எடுக்கிற அத்தானை வாகனம் ஓட்ட நான் விடுவதில்லை, ஆகவே நான் ஓட்டினேன். அத்தான் மாதாவை மடியில் வைத்து, இருக்கைப் பட்டியை இருவருக்கும் சேர்த்துப் போட்டு, செபமாலை சொல்லிக்கொண்டு வந்தார். அக்கா தலைவரின் காரில் பின்னால். பொழுதுபடுகிற நேரம். பின்விளக்கு ஒன்று எரியவில்லை என்று ஒரு பொலிஸ் வண்டி எங்களை ஓரம் கட்டியது.

கண்ணாடியை இறக்கினேன். குனிந்த இளம் பொலிஸ்காரிக்கு மூக்கு நல்ல கூர்மை. அத்தானின் கோட்டில் மருந்தின் மணம் ஊறிப் போயிருந்தது. அவள் முதலில் என்னைத்தான் பார்த்தாள். அத்தான் அமைதியாகப் பேர்சை எடுத்து, அட்டையை ஒருமுறை துடைத்து நீட்டினார். அவள் அதை மரியாதையாகவே வாங்கிப் பார்த்துவிட்டு, இதை மட்டும் வைத்து ஒன்றும் செய்ய முடியாது, மருந்தகத்தின் லேபலோடு மருந்தைக் காட்டுங்கள் என்றாள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்க வேண்டிய மருந்து அவர் கோட்டுப் பையில் இருந்தது. இனிப்புப் பேணியைத் திறந்து காட்டினார். அவள் முகம் மாறியதை நான் கண்டேன். நான் வேலையில் எத்தனையோ பேரைப் பார்க்கிற அதே பார்வை.

எங்கள் இருவரையும் இறக்கினார்கள். மற்றக் கார்களும் நின்றன. பங்கு முழுவதும் நடைபாதையில் இறங்கி நின்று பார்த்தது. பொலிஸ்காரி இருக்கையில் இருந்த சுரூபத்தைக் காட்டி, உள்ளே வெறுமையா என்று கேட்டாள். அத்தானுக்கு முதலில் கேள்வி விளங்கவில்லை. விளங்கியதும் முகம் கறுத்துப் போயிற்று. அவரே மாதாவைத் தூக்கிச் சரித்துப் பிடித்தார். அவள் அடிப்பாகத்தில் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். யாரோ ஒரு பெண் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். அன்றைக்குக் கிளினிக்கும் மருந்தகமும் பூட்டு. போனில் வந்த மருந்துக் கடிதத்தை நான் எடுத்துக் காட்டினேன். மருந்து எழுதப்பட்டிருப்பது சரி, ஆனால் இந்தப் பேணிக்குள் இருப்பது அதே மருந்துதான் என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். பேணியை ஒரு பைக்குள் போட்டு எடுத்துக்கொண்டு, விசாரித்துவிட்டு அறிவிப்போம் என்று சொல்லிப் போனார்கள். விமான நிலைய வேலைக்குப் பொலிஸ் பதிவு சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். பாதிப்பேருக்கு அங்கேதான் வேலை.

தலைவர் எங்கள் காருக்குக் கிட்ட வந்தார். குரலைத் தாழ்த்தி, "மாதாவை எங்கடை காரிலை தாங்கோ. அதுதான் மரியாதை," என்றார். அத்தான் இரண்டு கையாலும் கொடுத்தார். அந்தக் கை வெறுமையாக மடியில் கிடந்தபடி மிச்சத் தூரம் வந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

தலைவர் வீட்டில் செபமாலை நடந்தது. யாரும் எங்களைப் போகச் சொல்லவும் இல்லை, பக்கத்தில் வந்து இருக்கவும் இல்லை. அத்தான் சுவரோரம் கதிரை நுனியில் இருந்தார். எரிகிற காலைக் கையால் அமுக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் மன்றாட்டு நேரம். ஒவ்வொருவராகத் தங்கள் தேவையைச் சத்தமாகச் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து பதில் சொல்வது வழக்கம். ஒருவர் பிள்ளையின் பள்ளிச் சோதனைக்கு, ஒருவர் விசாவுக்கு, தலைவர் வழமைபோல் உலக சமாதானத்துக்கு. பிறகு அக்கா எழும்பினாள். அவள் மன்றாட்டுச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

"என்ரை மனுசன் கஞ்சா மருந்து எடுக்கிறவர்," என்றாள். "டொக்டர் எழுதிக் குடுத்த மருந்து. உங்களுக்குத் தெரியக்கூடாதெண்டு லேபலை உரிச்சு எறிஞ்சது நான். இண்டைக்கு அதைப் பொலிஸ் கொண்டு போட்டுது. அது இல்லாட்டி அவருக்கு நித்திரை இல்லை, கால் நெருப்பா எரியும். அந்த மருந்து திரும்பக் கிடைக்கவும் அவரின்ரை வேலை போகாமல் இருக்கவும் வேணுமெண்டு ஆண்டவரை மன்றாடுவோம்."

ஒருவரும் வாய் திறக்கவில்லை. தலைவர் செபமாலை மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா உட்காரவும் இல்லை. அப்போது சமையலறை வாசலில் தேநீர்த் தட்டோடு நின்ற தலைவரின் மனைவி, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்," என்றார். கேட்டுத்தான் சொன்னாரா, நின்ற நிலையில் பழக்கத்தில் வாயில் வந்துவிட்டதா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். ஒருவர் தொடங்கிய பதிலை மற்றவர்கள் விட முடியாது. அறை முழுவதும் சொன்னது. அத்தான் தலையைக் குனிந்துகொண்டு அழுதார்.

கிளினிக் எழுதி உறுதிப்படுத்தியபின் பொலிஸ் விசாரணையை முடித்துவிட்டது. பேணியில் இருந்தது திரும்பி வரவில்லை. புது மருந்து வரும்வரை அத்தான் பட்ட பாட்டை மேலறையில் இருந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வேலை தப்பியது. அதன்பிறகு மருந்துப் போத்தல் லேபலோடு சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் நின்றது. அலுமாரியைத் திறந்த பெண்கள் சிலர் வாசித்துவிட்டு, அக்காவைத் தனியே கூப்பிட்டு டொக்டரை எப்படிப் பிடிப்பது என்று கேட்டார்கள்.

அத்தான் இப்போது இல்லை. மாரடைப்பு. அந்த மருந்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று ஆஸ்பத்திரியில் நான் இரண்டு டொக்டர்மாரிடம் தனித்தனியே கேட்டேன். இருவரும் இல்லை என்றார்கள். நானும் அக்காவும் இப்போதும் செபமாலைக்குப் போகிறோம். முந்தி மன்றாட்டு ஐந்து நிமிடத்தில் முடியும். இப்போது தேநீர் ஆறிவிடுகிறது. ஒருவர் தன் மனச்சோர்வுக் குளிசையைச் சொல்கிறார், ஒருத்தி கருப்பை எடுத்ததைச் சொல்கிறாள், ஒருவர் சிறையில் இருக்கும் மகனின் பெயரைச் சொல்கிறார். தலைவர் மட்டும் இன்னும் உலக சமாதானத்துக்குத்தான் மன்றாடுகிறார். செபமாலை பிடித்திருக்கும் அவருடைய கை கொஞ்சக் காலமாக நடுங்குகிறது. மற்றக் கையால் அதை மூடிக்கொள்வார். அவர் சொல்லி முடித்ததும் நாங்கள் உடனே பதில் சொல்வதில்லை. இன்னும் ஏதும் சொல்வார் என்று கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிறோம்.