உப்பு கூடாது என்று படித்தேன்

அப்பா எறிந்த தட்டு அம்மாவின் முழங்கையில் பட்டுச் சுவரில் மோதியதும், குழம்போடு ஒரு கெண்டைமீன் தலை சுவர்வழியே மெதுவாக வழுக்கி இறங்கியதும் இன்னும் கண்ணில் இருக்கிறது. எனக்கு அப்போது ஏழு வயதிருக்கும். "உப்பு எங்கடி?" என்று கேட்டுவிட்டுத்தான் எறிந்தார். அம்மா தரையைத் துடைத்தாள். சட்டியில் மிச்சமிருந்ததில் உப்பைப் போட்டுக் கலக்கி, வேறு தட்டில் கொண்டுவந்து வைத்தாள். கொதிக்கும் குழம்பு பட்ட முழங்கை கொப்புளித்து, ஆறி, வெளுத்த தழும்பாக நின்றுவிட்டது. மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு போட்டிருந்த எங்கள் வீட்டில் இது எப்போதோ ஒருமுறை நடந்ததல்ல. ஊருக்கு அப்பா நல்ல மனிதர். சர்க்கரை ஆலையில் கரும்பு இறக்கிவிட்டுத் திரும்பும்போது நடந்து போகிறவர்களையெல்லாம் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வருவார். சாப்பிட உட்காரும்போதுதான் அம்மாவும் நானும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம்.

அவருக்கு வாதம் அடித்து வலது கையும் காலும் விழுந்துபோனபோது நான் கள்ளக்குறிச்சியில் ஒரு வக்கீலிடம் தட்டச்சு வேலையில் இருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது, என்ன சாப்பிடலாம் என்று டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வாசலில் காருக்காகக் காத்திருக்கும்போது, "இன்னாம்மா போட்டிருக்குது?" என்று கேட்டாள். உப்பைக் குறைத்துக்கொள்ளவும், ஊறுகாய் கருவாடு வேண்டாம், மீனும் காய்கறியும் நல்லது என்றுதான் இருந்தது. நான் அவள் முழங்கையைப் பார்த்தேன். "உப்பு கூடவே கூடாதாம். புளி, காரமும் கூடாதாம்" என்று படித்தேன். ஏதோ வாய்தவறி வந்துவிட்டது என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். தெரிந்தேதான் படித்தேன்.

சமைக்கும் விதத்தையும் நானே சொல்லிக் கொடுத்தேன். அகலமான சட்டியில் ஒரு கரண்டி எண்ணெய். அதில் வெங்காயம், சுரைக்காய், பீன்ஸ், தக்காளி. மேலே அணையில் பிடித்த மீன் துண்டுகளைப் பரப்பி, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடிவைத்தால் கால்மணி நேரத்தில் எல்லாம் சேர்ந்து வெந்துவிடும். திறந்தால் வெள்ளை வெளேரென்று, காய்ச்சல்காரர் சாப்பாடுபோல இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் ஊட்டுவேன். அப்பாவுக்குப் பேச்சு குழறிவிட்டது. தெளிவாக வந்த ஒரே சொல் உப்பு. "டாக்டர் சொல்லிட்டாருப்பா" என்பேன். அவர் கண்ணில் நீர் இறங்கும். எனக்கு அது பிடித்திருந்தது. ஒருநாள் நான் உள்ளே போனபோது, தன் இடக்கை வியர்வையை நக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

மூன்றாவது மாதம்தான் அம்மாவின் தட்டைக் கவனித்தேன். அவளும் அதே சட்டியிலிருந்து போட்டுத் தின்றுகொண்டிருந்தாள்.

"உனக்குத் தனியா கொஞ்சம் குழம்பு வெச்சிக்கக் கூடாதா?"

"ரெண்டு பேருக்கு எதுக்கு ரெண்டு சட்டி? அவரு சப்புனு துன்னுக்கினு இருக்கசொல்ல, நான் எதிர்ல ஒக்காந்து காரமா துன்றதா?"

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அவருக்கும் உப்பு கிடைத்துவிடும். அதனால் சொல்லவில்லை. அம்மா இன்னும் ஒன்றேகால் வருஷம் அதையே தின்றாள்.

அப்பா இரண்டாவது முறை வாதம் வந்து போய்ச் சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்ததும் அம்மாவை என்னோடு கள்ளக்குறிச்சிக்கு அழைத்து வந்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமை விரால் வாங்கி, புளி கரைத்து ஊற்றி, கத்திரிக்காயும் முருங்கைக்காயும் போட்டுக் குழம்பு வைத்தேன். அவள் ஒரு வாய் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"கரிக்குதும்மா. நாக்கு அதுக்கே பழகிப் போச்சு. எனக்கு அப்டியே வேவெச்சிக் குடு, போதும்."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். தாளில் என்ன இருந்தது, நான் என்ன படித்தேன், ஏன் படித்தேன். உனக்காகத்தான் என்றேன். கடைசியில், "அவரு டெய்லி கேட்டாருடி. நாந்தான் ஒரு கல்லு உப்புகூடப் போடல" என்றாள். தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து கை கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டே, "அவரு பொண்ணுதான் நீ" என்றாள். குரலை உயர்த்தவில்லை.

இப்போதும் என்னோடுதான் இருக்கிறாள். என் துணியைத் துவைக்கிறாள், நான் வேலைக்குக் கிளம்பும்போது குடையை எடுத்துத் தருகிறாள். நான் சமைத்ததை மட்டும் தொடுவதில்லை. நான் வேலை முடிந்து வருவதற்குள் தனக்கென்று ஒரு சட்டியில் மீனையும் சுரைக்காயையும் உப்பில்லாமல் வேகவைத்துச் சாப்பிட்டுவிட்டு, சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவைத்திருக்கிறாள்.