மச்சானுக்காக நான் நிரப்பிய படிவம்

ஐந்து வருடங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை காலை, மலேசியாவின் அலோர் ஸ்டாரில் ஒரு மருத்துவமனையின் எம்.ஆர்.ஐ. அறை வாசலில் நடந்தது இது.

எம்.ஆர்.ஐ. என்பது ஒரு பெரிய காந்தம். உள்ளே படுத்தால் உடம்பிலிருந்து மிக மெல்லிய சிக்னல் வரும். அதைப் பிடிக்க, தலையில் மாட்டும் கம்பிச்சுருள் ஒன்றைப் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடமாகச் செய்துகொண்டிருந்தேன். அதுவரை தண்ணீர் போத்தலைத்தான் உள்ளே வைத்துச் சோதித்திருந்தேன். அன்றுதான் முதன்முதலாக ஓர் ஆளை வைத்துப் பார்க்க அனுமதி கிடைத்திருந்தது. வருவதாகச் சொன்னவர் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டார். அந்த இரண்டு மணி நேரத்தை விட்டால் மெஷின் மறுபடி கிடைக்க மாதக்கணக்காகும்.

மச்சானுக்கு, அதாவது என் மனைவியின் அண்ணனுக்குப் போன் போட்டேன். பெண்டாங் பக்கத்துத் தோட்டத்தில் வெகுகாலம் இருந்துவிட்டு, அப்போது மெர்கோங்கில் ஒரு கடையில் வேலை செய்துகொண்டிருந்தார். எதற்கு என்றுகூடக் கேட்காமல் அரை மணியில் மோட்டாரில் வந்து நின்றார்.

ஸ்கேனுக்கு முன் நிரப்ப வேண்டிய பாதுகாப்புப் படிவம், மலாய் மொழியில் இரண்டு பக்கம். "நீங்களே போட்டுடுங்க மாப்ள" என்று என்னிடமே நீட்டினார். எங்கள் குடும்பத்தில் எந்தப் படிவமும் என் தலையில்தான் விழும். பன்னிரண்டு வருடம் பழகிய மனிதர், எனக்குத் தெரியாததா? எல்லாக் கேள்விக்கும் மளமளவென்று 'இல்லை' போட்டேன். கண்ணில் இரும்புத்தூள் பட்டதுண்டா என்ற கேள்விக்கும்தான். அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

ஸ்கேன் எடுக்கும் பெண்ணும் தமிழர்தான். படிவத்தைப் பார்த்ததும் யார் எழுதியது என்று கேட்டார். நான்தான், என் சொந்தக்காரர், எனக்கு எல்லாம் தெரியும் என்றேன். அவர் நேராக மச்சான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முன்பு என்ன வேலை செய்தார் என்று விசாரித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன்.

தோட்டத்தில் புல் வெட்டும் மெஷின் என்றார் மச்சான்.

"கண்ணுல ஏதாச்சும் பறந்து வந்து அடிச்சிருக்கா அண்ணே?"

"அது அடிக்காத ஆளு உண்டாம்மா? ஒருக்கா பிளேடு கல்லுல பட்டுத் தெறிச்சு கண்ணுல குத்துச்சு. கிளினிக்ல மருந்து ஊத்துனாங்க, சரியாப் போச்சு லா."

அந்தப் பெண் எழுந்து, இன்று ஸ்கேன் கிடையாது என்றார். மச்சானைக் கண் எக்ஸ்ரேக்கு அனுப்பினார். படத்தில் வலது கண்ணுக்குள் எள்ளைவிடச் சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி. காந்தத்துக்குப் பக்கத்தில் போயிருந்தால் அந்த இரும்பு நகர்ந்து கண்ணைக் கிழித்திருக்கலாம், பார்வையே போயிருக்கலாம் என்றார் டாக்டர். இந்த ஆபத்தைப் பற்றி மாணவர்களுக்கு வகுப்பெடுத்தவன் நான்.

வெளியே வந்ததும் மச்சான், "என்னால உங்க வேலை கெட்டுப்போச்சா மாப்ள?" என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அதற்குப் பிறகு ஆளைக் கேட்காமல் யாருக்காகவும் நான் படிவம் நிரப்பியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, என்ன வேலை செய்தீர்கள் என்றுதான் ஆரம்பிக்கிறேன். மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்து பேப்பர் படிக்கும்போதெல்லாம், இந்தக் கேள்வியைப் பன்னிரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அவரிடம் கேட்கத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருக்கிறது.