அரை வாளி மஞ்சள்

கைப்பேசியில் வரும் அந்த வீடியோக்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். 'குறைந்த செலவில் குழந்தைகள் அறை' என்று தலைப்புப் போட்டிருப்பார்கள். நகச்சாயம் கலையாத ஒரு பெண் பழைய நாற்காலியைத் துணியால் ஒரு துடை துடைப்பாள், பிரஷ்ஷால் இரண்டு இழுப்பு இழுப்பாள், அடுத்த காட்சியில் அது புதுசாக மின்னும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து விரல் நுனி எரிவதையும், தூசியில் தும்மித் தும்மி மூக்கு வீங்குவதையும் ஒருத்தியும் காட்ட மாட்டாள். இப்படித் திட்டிக்கொண்டேதான் அந்த வருடம் பங்குனி முழுக்க அவற்றைப் பார்த்தேன். கோடை விடுமுறைக்கு என் மகள் வருவதாக இருந்தது.

அவள் வளர்ந்தது அன்னூர்ப் பக்கம் அவளுடைய அப்பாவின் தோட்டத்து வீட்டில். எனக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. நான் வெளியே வந்தபோது அவள் ஒன்றாம் வகுப்பு. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். தோட்டத்து வாசலுக்கே பள்ளிக்கூட வேன் வருகிறது, பால் இருக்கிறது, பார்த்துக்கொள்ள அத்தை இருக்கிறாள். என்னிடம் அப்போது ஒரு வாடகை வீடுகூடக் கிடையாது. "அஞ்சாவது முடியற வரைக்கும் புள்ள இங்கயே இருக்கட்டும். ஆறாவதுக்கு எங்க இருக்கறதுன்னு அதுவே சொல்லட்டும்" என்று முடித்துவிட்டார்கள். அதன் பிறகு மாதம் ஒரு ஞாயிறு, அன்னூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பேக்கரியில் அவளைப் பார்ப்பேன். தேங்காய் பன்னைத் தின்றுகொண்டே அவள் பள்ளிக்கூடக் கதை சொல்வாள், அவள் அப்பா வண்டியில் சாய்ந்து காத்திருப்பார். நான் குடியிருக்கும் வீட்டை அவள் அதுவரை பார்த்ததே இல்லை.

அவள் ஐந்தாவது முடித்துவிட்டாள். கோடையில் சில நாள் என்னோடு இருந்துவிட்டு, எங்கே படிக்கப்போகிறாள் என்று அவளே சொல்ல வேண்டும். ஆகவே எனக்கு அந்த அறை வெறும் அறை இல்லை. அது பிடித்துப்போனால் பிள்ளை என்னிடம் வந்துவிடுவாள் என்று நம்பினேன். முட்டாள்தனம்தான். வேறு எதை நம்பச் சொல்கிறீர்கள்?

கருமத்தம்பட்டியில் ஒரு லைன் வீட்டில் இருந்தேன், இப்போதும் அதே வீடுதான். முன்னறை, உள்ளறை, பின்னால் ஒரு துண்டுச் சமையலறை. சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்கார அக்காவின் தறிக்குடோன். பகலெல்லாம் தறி அடிக்கிற அடியில் அலமாரிப் பாத்திரம் அதிரும். நான் வேலை பார்ப்பது குழந்தைகள் உடுப்பு தைக்கிற பனியன் கம்பெனியில், செக்கிங் பிரிவில். பொழுதெல்லாம் ஊரான் பிள்ளைகளுக்குப் போகிற சட்டையைப் புரட்டிப் புரட்டி நூல் பிசிறு பார்க்கிற வேலை. வளர்கிற பிள்ளைக்கு என்ன அளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன், என் பிள்ளையின் அளவை மட்டும் பேக்கரியில் வைத்துக் கண்ணாலேயே எடுத்துக்கொள்வேன்.

முதலில் கட்டில் கிடைத்தது. சூலூரில் விமானப்படைக் குடும்பங்களுக்கு மாற்றல் வந்தால் சாமான்களை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போவார்கள். கம்பெனியில் ஒருத்தி சொல்லி நான் போனபோது, வடக்கே கிளம்பிக்கொண்டிருந்த ஒரு அம்மா வராந்தாவில் சின்ன மரக்கட்டில் ஒன்றைப் போட்டுவைத்திருந்தார். ஒரு கால் அரித்திருந்தது. தலைமாட்டுப் பலகை முழுக்க கார்ட்டூன் ஸ்டிக்கர். அதற்கு நடுவே கறுப்பு மார்க்கரில் இந்தியில் ஒரு பெயர். என் மகளுக்கு என்று சொன்னதும் அந்த அம்மா கட்டிலை ஒரு தடவை தடவிக்கொடுத்துவிட்டு, "நல்லா தூங்குவா" என்றார் கொச்சைத் தமிழில். அக்காவின் நூல் டெம்போ சூலூரில் சுமை இறக்கிவிட்டுச் சும்மா திரும்பும் நாளாகப் பார்த்து அதில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

ஸ்டிக்கர்களைத் தேங்காயெண்ணெய் தடவி ஊறவைத்து உரித்தேன். அரித்த காலை அறுத்துத் தறிக்கட்டை ஒன்றை ஒட்டுப் போட்டுத் தந்தார் அக்காவின் குடோனில் வேலை பார்க்கிற தறி மேஸ்திரி. உப்புத்தாள் போட்டு இழைத்து வெள்ளை எனாமல் அடித்தால், காய்ந்த பிறகு அந்த இந்திப் பெயர் உள்ளேயிருந்து மெதுவாக மேலே ஊறி வருகிறது! மறுபடி அடித்தேன், மறுபடி வந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. முகம் தெரியாத ஒரு குழந்தையோடு சண்டை பிடித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். கடைசியில் வார்னிஷ் ஒரு கை கொடுத்து அதன்மேல் வெள்ளை அடித்த பிறகுதான் அடங்கியது. அப்படியும் சாய்வாகப் பார்த்தால் நிழல் தெரியும்.

மேசைக்குப் பழைய இரும்புக் கடையில் காலால் மிதிக்கிற தையல் மெஷின் ஒன்றின் அடிப்பாகம் கிடைத்தது. மேலே பலகை போட்டு முடுக்கினேன். மிதியை மட்டும் கழற்றவில்லை, எண்ணெய் விட்டு அப்படியே வைத்தேன். குழந்தையாக இருந்தபோது என் மெஷின் மிதிமேல் உட்கார்ந்து ஊஞ்சல் ஆடியவள் அவள். புத்தகம் அடுக்கத் தக்காளிப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று ஆணி அடித்து ஆளுயர அலமாரி செய்தேன். ஏற்றுமதியில் கழித்துப்போட்ட துணியில் திரை தைத்தேன், குட்டி யானைகள் போட்ட துணி. வீட்டை விட்டு வந்த நாளில் பையில் எப்படியோ வந்துவிட்ட அவளுடைய கரடி பொம்மை ஒன்று என்னிடம் இருந்தது. ஒரு கண் போய், வயிறு ஒட்டிக் கிடந்தது. அதைப் பிரித்துப் பனியன் வேஸ்ட் அடைத்து, சட்டைப் பொத்தானில் கண் வைத்தேன். கொஞ்சம் திமிராகப் பார்க்கிற கரடியாகிவிட்டது. எனக்குப் பிடித்திருந்தது.

சுவருக்குத்தான் பெயிண்ட் போதவில்லை. அக்கா தன் மகள் கல்யாணத்துக்கு வீடு அடித்ததில் மிஞ்சிய மஞ்சள், அரை வாளி தந்திருந்தார். கடையில் மெஷினில் கலந்த மஞ்சள், சீக்கிரம் பழுத்த மாம்பழத்தின் உள்நிறம். நான் வாளியையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்ததை வாசலில் நின்று கவனித்த அக்காதான் வழி சொன்னார்.

"ஏன் கண்ணு மண்டையப் போட்டு ஒடச்சுக்கறே? கட்டலுக்குப் பொறகால, அலமாரிக்குப் பொறகால அடிக்காம உட்டுரு. சாமானம் மறைச்சுக்கும். அங்க யாரு போயி எட்டிப் பாக்கப் போறா?"

அப்படியே செய்தேன். பென்சிலால் கோடு போட்டு, கட்டில் நிற்கும் இடத்தையும் அலமாரி நிற்கும் இடத்தையும் விட்டுவிட்டு மற்றதை அடித்தேன். வாளியின் அடியில் இருந்ததைக் கூட வழித்து அடித்தேன். சாமான்களைப் போட்டதும் குறை ஒன்றும் தெரியவில்லை. வாளியைக் கழுவித் துணி ஊறவைக்க எடுத்துக்கொண்டேன்.

மகளை அவள் அப்பாவே காரில் கொண்டுவந்து விட்டார். வாசலோடு திரும்பிவிட்டார். அவள் பையைத் தோளிலிருந்து இறக்காமலே உள்ளறை வாசலில் நின்றாள்.

"ஏனுங்கம்மா, இது யாரு ரூமு?"

"உன்னுதுதான் சாமி."

"எனக்கே எனக்கா?"

அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். பையைக் கீழே போட்டுவிட்டு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். மேசையில் உட்கார்ந்து மிதியை ஆட்டினாள். கரடியைத் தூக்கி, "இவன் கண்ணு ஏம்மா மொறைக்குது?" என்று சிரித்தாள். தலைமாட்டுப் பலகையைச் சாய்ந்து பார்த்து, பள்ளியில் இந்தி படிக்கிறவள் ஆயிற்றே, "இதுல யாரோ பாப்பா பேரு இருக்குதுங்கம்மா" என்று எழுத்துக்கூட்டி வாசித்தாள். அதற்கும் சிரித்தாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

அந்த நாட்கள் நன்றாகவே போயின. நான் விடுப்பு எடுத்திருந்தேன். அவள் வரைந்த படங்களை அலமாரிப் பெட்டிகளில் ஒட்டினாள். துணிகளை மடித்து அடுக்கினாள். தறிச் சத்தத்துக்குத் தாளம் போட்டுக் கட்டிலில் குதித்தாள். அக்கா வந்து பார்த்துவிட்டு, "அம்மணிக்கு இங்கயே ஒட்டிக்கிச்சு பாரு" என்றார். நான் வெளியே ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. பக்கத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்கு விசாரித்து மட்டும் வைத்திருந்தேன்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் மத்தியானம் தோசை தின்றுகொண்டிருந்தவள் தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள்.

"அம்மா, நான் ஒண்ணு கேட்டா வைய மாட்டீங்களே?"

"கேளு."

"இந்தக் கட்டலு, மேசையெல்லாம் நம்ம ஊட்டுக்கு எடுத்துட்டுப் போலாங்களா?"

நம்ம ஊடு என்று அவள் சொன்னது தோட்டத்து வீட்டை. எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அவளோ உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனாள். அங்கே மேல் ரூம் பெரிசு, சும்மாதான் கிடக்கிறது, இவள் இத்தனை நாளும் அத்தையோடு ஒரே கட்டிலில்தான் படுக்கிறாள், தனக்கென்று ஒன்றுமே கிடையாது, இதையெல்லாம் ஜன்னலோரம் போட்டால் எவ்வளவு அழகாக இருக்கும்.

"அப்ப ஆறாவது?" என்றேன்.

தோசையைப் பிய்த்தபடியே சொன்னாள். "அங்கதானுங்கம்மா. என்ற பிரெண்ட்ஸெல்லாம் அங்க இருக்கறாங்க. அப்பாவும் பாவம், நான் இல்லாட்டி அவருக்குச் சோறே எறங்காது."

நான் மட்டும் என்ன, மூன்று வேளையும் விருந்து சாப்பிடுகிறேனா? அதைக் கேட்கவில்லை. வேறொன்றைச் சொன்னேன், அது அதைவிட மோசம்.

"இங்க இருந்தீன்னா எல்லாம் உன்னுது. அங்க போறதுன்னா ஒண்ணும் கெடையாது. இங்கயே கெடக்கட்டும்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. தட்டைப் பார்த்துக்கொண்டு, "சரிங்கம்மா, வேண்டாங்க" என்றாள். கை கழுவிவிட்டு உள்ளே போய், அலமாரியில் ஒட்டியிருந்த படங்களைக் கிழியாமல் ஒவ்வொன்றாக உரிக்கத் தொடங்கினாள். கரடியை மேசைமேல் நேராக உட்கார வைத்தாள். விருந்துக்கு வந்த வீட்டில் தொட்ட பொருளை இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போகிற பிள்ளைபோல, அத்தனை ஒழுங்காக. பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. கட்டிலைக் காட்டிப் பிள்ளையைப் பிடிக்கப் பார்த்திருக்கிறேன். பிள்ளை கட்டிலையும் வேண்டாமென்று வைத்துவிட்டது.

"படத்தை உரிக்காதே சாமி. அப்படியே இருக்கட்டும்" என்றேன். "டெம்போவுக்குச் சொல்றேன்."

மறுநாள் அதே டெம்போ, அதே டிரைவர். "ஏனுங்க்கா, போன மாசந்தான கொண்டாந்து எறக்குனோம்?" என்று கேட்டார். "ஆமாங்க, இப்ப ஏத்துங்க" என்றேன். பெயிண்ட் உரசாமலிருக்கக் கட்டில் கால்களுக்கு நானே பழைய துணி சுற்றிக் கொடுத்தேன். திரையையும் கழற்றி மடித்துப் பையில் வைத்தேன். என் மகள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "தேங்ஸ்ங்கம்மா, லீவுக்கு மறுபடி வாரேன்" என்றாள். மனதாரத்தான் சொன்னாள். கரடியை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவின் காரில் ஏறினாள்.

உள்ளே வந்தால், மஞ்சள் சுவரில் கட்டில் அளவுக்கு ஒரு அழுக்கு வெள்ளை. பக்கத்தில் அலமாரி உயரத்துக்கு இன்னொன்று. ஓரத்தில் நான் போட்ட பென்சில் கோடு. அக்கா எட்டிப் பார்த்தார். "மிச்சத்தையும் அடிச்சுப்போடலாம் கண்ணு" என்றார். "வேண்டாங்க்கா" என்றேன்.

சாயங்காலம் மகளிடமிருந்து அழைப்பு வந்தது. எல்லாம் நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டதாம். ஜன்னலோரம் போட்டாகிவிட்டதாம்.

"ஆனா இங்க செவுரு வெள்ளையா இருக்குதுங்கம்மா, நல்லாவே இல்ல. அந்த மஞ்சப் பெயிண்ட் வாளி மேல ஒரு நம்பர் ஒட்டியிருக்குமாமா? அதைச் சொன்னா அதே கலரு கலந்து தருவாங்களாம், அப்பா கேக்கச் சொன்னாரு."

வாளி பின்பக்கம் குழாயடியில் இருந்தது. ஊறிக்கொண்டிருந்த துணியை எடுத்துப் பிழிந்து வைத்துவிட்டு வாளியைச் சாய்த்துப் பார்த்தேன். சீட்டு நனைந்து ஓரம் கிளம்பியிருந்தாலும் எண் தெரிந்தது. அதில் ஒரு இலக்கத்தை மாற்றிச் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. அப்புறம் எவ்வளவு கலந்தாலும் வேறு ஏதோ மஞ்சள்தான் வரும், இந்த மஞ்சள் வராது.

"எழுதிக்கறயா சாமி?" என்று கேட்டு, நிறுத்தி நிறுத்தி, சரியாகவே படித்துச் சொன்னேன்.