புள்ளிக்குப் பின் இரண்டு தட்டு

போன வாரம் தங்கை மகள் என் போனைப் பிடுங்கி ஒரு வித்தை காட்டினாள். இடம் விடுகிற பட்டனை இரண்டு முறை தட்டினால், போன் தானாகவே ஒரு முற்றுப்புள்ளி வைத்து, பின்னால் ஒற்றை இடம் விட்டுக்கொள்கிறது. "பாத்தீங்களா பெரியம்மா, எவ்வளவு லேசு" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஹட்டனில் நானும் பெரிய கிளாக்கரும் மாதக்கணக்கில் அடித்துக்கொண்ட வழக்கை இந்தச் சனியன் பிடித்த போன் கண் இமைப்பதற்குள் தீர்த்துவிட்டது.

அந்த வழக்கு உங்களுக்குத் தெரியாதென்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். இங்கிலீஷில் டைப் அடிக்கும்போது புள்ளி வைத்ததும் ஓர் இடம் விடுவதா, இரண்டு இடம் விடுவதா? அவ்வளவுதான். இதற்காகத்தான் இரண்டு படித்த ஜென்மங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சோறு தின்றோம்.

பெரிய கிளாக்கர் திம்புள்ளப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் தலைமைக் குமாஸ்தாவாக ஆபீஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஹட்டனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில், இரண்டு டைப்ரைட்டரோடு டைப்பிங் கடை போட்டிருந்தார். "வெள்ளைக்காரத் தொரை எனக்குச் சொல்லிக் குடுத்தது ரெண்டு தட்டு" என்பார். துரை கப்பலேறி, தோட்டம் கைமாறி, தொழிலாளர் குடியிருந்த லயத்துத் தகரம்கூடத் துருப்பிடித்துவிட்டது. இவர் மட்டும் அந்த இரண்டு தட்டைக் கட்டிக்கொண்டு காவல் இருந்தார்.

நான் மட்டும் என்ன ஒழுங்கு? தொண்ணூறுகளின் நடுவில், கண்டியில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். கம்ப்யூட்டரைத் தொட்டது வாரம் ஒரு மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் கொப்பியில் அதன் படம் வரைந்தோம். ஆனாலும் ஒற்றைத் தட்டுதான் நாகரிகம் என்பது மட்டும் மண்டையில் ஏறியிருந்தது.

இப்போதும் பேக்கரிப் பக்கம் சூடான பாண் வாசம் வந்தால் எனக்கு ரிப்பன் மை ஞாபகம் வரும். அதன் பின்னாலேயே செல்வி வந்து நிற்பாள்.

பொகவந்தலாவையிலிருந்து வந்தவள். தோட்டப் பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியர் எடுத்தார்கள். விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள். நாலு மணிக்குள் நுவரெலியாவில் கையில் கொடுக்க வேண்டும். தமிழில் எழுதினாலே போதும். இங்கிலீஷில் போனால்தான் மதிப்பு என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தவர் எங்கள் பெரிய கிளாக்கர் ஐயா.

நான் ஒற்றைத் தட்டில் அடித்து நீட்டினேன். அவர் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்னாம்மா இது, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குது?"

"இப்ப எல்லாம் ஒண்ணுதாங்க ஐயா. கம்ப்யூட்டர்ல யாரும் ரெண்டு விடுறதில்ல."

"இங்க எங்க இருக்கு கம்ப்யூட்டரு?"

அவரே உட்கார்ந்து மறுபடி அடித்தார். அவர் சட்டத்தில் விதிவிலக்கு கிடையாது. எங்கே புள்ளி கண்டாலும் இரண்டு தட்டு, பெயரின் முதலெழுத்துக்குப் பின்னாலும். எம், புள்ளி, ஒரு பெரிய வெளி, அதற்கப்பால் அநாதையாகச் செல்வி. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"எம்முன்னு ஒரு வாக்கியம் இருக்குதுங்களா ஐயா?"

தாளை உருவிக் கிழித்தார். நான் மறுபடி அடித்தேன். அதில் ஒரு குறை சொன்னார். பெஞ்சில் இருந்த செல்வி எழுந்து வந்தாள்.

"ரெண்டுல எதுன்னாலும் பரவால்லங்க. ஒரு மணி பஸ்ஸுங்க."

எங்கள் இரண்டு பேர் காதிலும் அது விழவில்லை. கடைசியில் பெயருக்கு ஒற்றை, வாக்கியத்துக்கு இரட்டை என்று சமாதானமாகி, நாலாவது தாள் உருளையை விட்டு வெளியே வந்தபோது, "நுவரெலியா, நுவரெலியா" என்ற கண்டக்டரின் கூவல் ஜன்னலுக்குக் கீழே கடந்து போய்விட்டிருந்தது.

அடுத்த பஸ்ஸில் அவள் போய்ச் சேர்ந்தபோது கேட் பூட்டியிருந்தது. காவலாளி சிங்களத்தில் "ஹெட்ட என்ன" என்றாராம். நாளைக்கு வா. நாளைக்கு எதற்கு?

இரண்டு நாள் கழித்து வந்து அந்தத் தாளை மேசையில் வைத்தாள்.

"எழுத்து ரொம்ப நல்லா இருக்குங்க. வாங்கிக்கத்தான் ஆளு இல்ல."

பெரிய கிளாக்கர் பல் துலக்கும் பிரஷால் டைப்ரைட்டர் எழுத்துகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் தாளை எடுத்தேன். அப்போதும் முதலில் பார்த்தது புள்ளிக்குப் பின்னால் எத்தனை இடம் என்றுதான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நடந்தது அதுதான்.

செல்வி பிறகு குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள், பதினோரு வருஷம். அவளோடு பள்ளிக்கூடப் பரீட்சை எழுதி, அன்று நேரத்துக்கு விண்ணப்பம் கொடுத்த இரண்டு பேர் இன்று பள்ளிக்கூட அதிபர்கள். அவர்கள் எத்தனை தட்டு தட்டினார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

பேக்கரி இப்போது போன் கடை. மேல்மாடியில் அட்டைப்பெட்டிகள். டைப்ரைட்டர்கள் பழைய இரும்புக்குப் போயின, பெரிய கிளாக்கரும் போய்விட்டார். உலகத்தையே தாங்கி நின்ற அந்த இரண்டாவது இடம் காணாமல் போனதை ஒரு நாய்கூடக் கவனிக்கவில்லை.

செல்வி ஊர் திரும்பிவிட்டாள். போன வருஷம் பஸ் ஸ்டாண்டில் கண்டு நம்பர் வாங்கிக்கொண்டாள். நேற்று ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். "அக்கா சொகமா மக டீச்சர் வேலைக்கு போடுறா போன்லயே அனுப்பலாமாம் நாளைக்கு கடைசி நாளு நாங்களே அனுப்பிட்டோம் சும்மா சொல்லணும்னு தோணிச்சு"

அதில் ஒரு முற்றுப்புள்ளிகூட இல்லை. ஆனாலும் எனக்கு எல்லாம் விளங்கியது.